ஐந்தாம் அலகின் கடைசி வரி

பாடத்திட்டத்தில் அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. இத்தாலிக்கு ஒரு அலகு, பிரான்சின் புதிய அலைக்கு ஒரு அலகு, ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் சேர்த்து ஒன்று. ஐந்தாம் அலகில் ஈரான், கொரியா, லத்தீன் அமெரிக்கா எல்லாரும் உட்கார்ந்த பிறகு, கல்யாணப் பந்தியின் கடைசி இலைக்கு வழித்துப் போடுகிற மாதிரி ‘ஆப்பிரிக்க சினிமா’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். எந்த நாட்டுப் படம், எந்தக் காலத்துப் படம், யார் எடுத்தது, எதைப் போட்டுக் காட்டுவது, ஒரு சொல் கிடையாது. இத்தாலிக்கு மட்டும் இயக்குநர் பெயர், படத்தின் பெயர், ஆண்டு எல்லாம் பிசகாமல் இருக்கிறது. ரோமில் சைக்கிளைத் தொலைத்தவன் கதை எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். செனகலின் டக்காரில் குதிரை வண்டியைப் பறிகொடுத்தவனைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை, நான் சொல்லும்வரை. 54 நாடுகள் உள்ள கண்டத்தை ஒரு வரியில் அடைத்த மகானுபாவர்களை நேரில் பார்த்தால் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: ஐயா, நீங்கள் அதில் எந்தப் படத்தைப் பார்த்தீர்கள்?

சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரி, அதில் விஸ்காம் துறை. என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரென்று தெரிந்தால்தான் என் எரிச்சல் புரியும். விடியும் முன்னே தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் மல்லிகை பறித்து, பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, முதல் மணிக்குக் கொட்டாவியோடு வந்து சேரும் பெண்கள். கடம்பூர் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவர்கள். புளியம்பட்டிச் சந்தையில் மாட்டுக்கு விலை சொல்லத் தெரிந்தவர்கள். திம்பம் மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள். 2022-இல் அந்த வழியில் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை வந்ததிலிருந்து அப்பா எந்நேரம் வீடு திரும்புவார் என்று தெரியாதவர்கள். பெரும்பாலும் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் கால் வைத்தவர்கள்.

ஆப்பிரிக்கா என்றதும் என்ன தோன்றுகிறது என்று இவர்களிடம் கேட்டேன். சிங்கம், பஞ்சம், அப்புறம் ‘பிளாக் பேந்தர்’. அந்தப் படம் 2018-இல் தமிழ் பேசிக்கொண்டே வந்தது. வகாண்டா என்கிற இல்லாத ஊர் ஹாலிவுட்டிலிருந்து தமிழில் வந்து இறங்கிவிட்டது. இருக்கிற ஊர்களான டக்காருக்கும் பமாக்கோவுக்கும் வழி கிடைக்கவில்லை. பிள்ளைகளைச் சொல்லிப் பயனில்லை. எங்கள் தலைமுறைக்கு ஆப்பிரிக்கா என்றால் ‘தி காட்ஸ் மஸ்ட் பி கிரேஸி’. வானத்திலிருந்து விழுந்த கோலா பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு அலையும் மனிதரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவில், ஜேமி யூய்ஸ் என்கிற வெள்ளைக்கார இயக்குநர் 1980-இல் எடுத்த படம் அது என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தோன்றியது?

சரி, ஒரு வரிதானே, நாமே பாடம் தயாரிப்போம் என்று இறங்கினால் ஆரம்பிக்கிறது பொழப்பு.

முதலில் பரீட்சைக்குப் பிள்ளைகள் வாங்கும் கைடு. அதில் இந்தத் தலைப்புக்கு இரண்டு பத்தி. ‘ஆப்பிரிக்கா வறுமை நிறைந்த நாடு’ என்று தொடங்குகிறது. நாடாம்! அடுத்த பத்தியில் உஸ்மான் செம்பேன் ஒரு பிரெஞ்சு இயக்குநர் ஆகிவிடுகிறார். அவர் பிறந்தது செனகலின் சிகின்ஷோர் ஊரில், 1923-இல். பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றவர். அவரைப் பிடித்து அதே பிரான்சின் கணக்கில் எழுதிவைத்த புண்ணியவான் யாரோ.

அடுத்து நூலகம். மாந்தியா தியாவரா எழுதிய ‘ஆப்பிரிக்கன் சினிமா’ 1992-இல் வந்தது. ஃபிராங்க் உகாதிகேயின் ‘பிளாக் ஆப்பிரிக்கன் சினிமா’ 1994. இரண்டும் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்புகள், விலை டாலரில். வாங்கித் தரச் சொல்லி எழுதிக்கொடுத்தால், எத்தனை பேர் படிப்பாங்க என்ற கேள்வியோடு காகிதம் திரும்பி வருகிறது. வாங்கி வைத்தால்தானே எத்தனை பேர் என்று தெரியும்? பாடத்துக்காகப் புத்தகப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துத் தொகுத்துக் கொடுக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றமே 2016-இல் சொல்லிவிட்டது. வகுப்பில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் படம் போட்டுக் காட்டுவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சட்டம் ஒரு குறையும் வைக்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்கப் புத்தகமும், போட்டுக் காட்டப் படமும்தான் இல்லை.

இலக்கியத்தில் இவ்வளவு வறட்சி கிடையாது. சினுவா அச்செபேயின் முதல் நாவல் ‘சிதைவுகள்’ என்று தமிழில் இருக்கிறது. கூகி வா தியாங்கோவின் நாவல் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று வந்து, கையில் எடுத்தவர்களைத் தூங்கவிடாமல் அடித்தது. யாரோ சிலர் தங்கள் ராத்திரிகளைக் கொடுத்துச் செய்த வேலை. சினிமாவுக்கு வந்தால் சிற்றிதழ்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டுரைகள். அவை பழைய இதழ்க் கட்டுகளோடு யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று விசாரித்துக்கொண்டு கோயம்புத்தூர் வரை போக வேண்டும்.

படங்களைத் தேடுவது இதைவிடக் கூத்து. பழைய ஆப்பிரிக்கப் படங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன என்று உலகத்துக்கே தெரியும். மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய அமைப்பும், ஆப்பிரிக்கத் திரைப்படக்காரர்களின் கூட்டமைப்பும், யுனெஸ்கோவும் சேர்ந்து 50 படங்களை மீட்டெடுப்பதாக 2017-இல் அறிவித்து, வேலையும் நடக்கிறது. நல்ல காரியம், மறுக்கவில்லை. மீட்டெடுத்த படம் எங்கே போகிறது? இத்தாலியில் ஒரு விழா, பாரிஸில் ஒரு விழா, நியூயார்க்கில் ஒரு வட்டு. அமெரிக்க டிவிடிக்கு மண்டல எண் 1, இந்தியாவுக்கு 5. காசைக் கொட்டி வரவழைத்தாலும் துறையிலிருக்கும் பிளேயர் அதைத் தொடாது. இணையத்தில் போனால் ‘உங்கள் நாட்டில் இந்தப் படம் கிடைக்காது’ என்று மரியாதையாகச் சொல்லித் துரத்துகிறார்கள். கல்லூரிகளுக்கென்று தனி உரிமம் விற்கிற நிறுவனங்கள் உண்டு. அந்த விலைக்கு எங்கள் துறைக்கு இரண்டு கேமரா ஸ்டாண்டு வாங்கிவிடலாம். எஞ்சியது யூடியூபில் யாரோ ஏற்றிவைத்த மங்கல் பிரதி. அதில் முகம் தெரியாது, கீழே எழுத்து போர்ச்சுக்கீசிய மொழியில் ஓடும்.

செனகலின் சஃபி ஃபாய் 1975-இல் எடுத்த ‘கத்து பெய்கத்’ என்ற படம் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பெண் இயக்குநர்களின் வரலாறே அதிலிருந்துதான் பேசப்படுகிறது. கிராமத்திலிருந்து எழுதும் கடிதம்போல நகரும் கதை. நிலக்கடலை ஒன்றையே நட்டு நட்டு, விலையும் மழையும் கைவிட்ட பிறகு வரி கட்ட வழியில்லாமல் நிற்கும் ஊர். பரிசப் பணம் சேர்க்க முடியாமல் டக்காருக்கு வேலை தேடிப் போகும் இளைஞன். கடலைக்காடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, பணம் மாப்பிள்ளை கொடுக்கணுமா என்று பெண்கள் வரிசையில் சட்டென்று ஒரு கலகலப்பு. அங்கிருந்து ஒரு மணி நேரம் பேசினோம். படம் இல்லாமலேயே! பார்க்கத் தகுந்த பிரதி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சஃபி ஃபாய் 2023-இல் காலமாகிவிட்டார். சினிமாக்காரர்களின் மரணங்களுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கும் நம் ஊரில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்?

துறைத்தலைவர் என் அலைச்சலைப் பார்த்துவிட்டு அக்கறையாகத்தான் கேட்டார்: “ஏனுங் சார், ரெண்டு மார்க்குக் கேள்விதானுங்க. அதுக்குப் போயி எதுக்குங்க இத்தனை மெனக்கேடு? ஈரானைக் கொஞ்சம் நீட்டி நடத்திப்போட்டா முடிஞ்சுது.” அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஆய்வுக் குழு வருகிறது என்று ஃபைல் அடுக்கியே அவருக்கு முடி கொட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஈரானை எவ்வளவு நீட்டினாலும் அது செனகல் வரைக்கும் எட்டாது.

எதற்கு மெனக்கேடு என்றால், ‘மண்டாபி’க்காக.

செம்பேன் 1968-இல் எடுத்த படம். டக்காரில் வேலையில்லாத இப்ராஹிமா தியெங்குக்கு இரண்டு மனைவிகள், ஏழு பிள்ளைகள். பாரிஸில் தெருக் கூட்டும் மருமகன் 25,000 பிராங்குக்கு மணியார்டர் அனுப்புகிறான். பணம் வந்த செய்தி அவருக்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது; கடன்காரன், சொந்தக்காரன் எல்லாம் வாசலில். தபாலாபீசில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். சான்றிதழுக்குப் போனால் பிறந்த தேதி கேட்கிறார்கள். அது யாருக்குத் தெரியும்? ஃபோட்டோ வேண்டும், முத்திரைத்தாள் வேண்டும், உள்ளே தெரிந்த ஆள் வேண்டும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் போய்வரப் பஸ் காசு வேண்டும். கடைசியில் உதவி செய்கிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்ட படித்த சொந்தக்காரனே பணத்தை விழுங்கிவிடுகிறான்.

இந்தக் கதையை யாருக்கு விளக்க வேண்டும்? எங்கள் பிள்ளைகளுக்கா? மணியார்டர் என்றால் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வந்த ஞாபகம் அவர்களுக்கு இருக்கிறது. சான்றிதழ் அலைச்சலும் அவர்களுக்குப் புதிதல்ல. கடம்பூர் மலையில் மலையாளி என்று சொல்லப்படும் மக்கள் இருக்கிறார்கள். சேலம், தருமபுரி மாவட்டங்களில் இதே மக்கள் பட்டியல் பழங்குடியினர். ஈரோடு மாவட்டத்தில் அந்தப் பட்டியலில் இல்லை. கட்டிக்கொடுத்த பெண் மலைக்கு அந்தப் பக்கம் பழங்குடி, இந்தப் பக்கம் வேறு. பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விஏஓ ஆபீஸ், தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம் என்று சான்றிதழுக்கு அலைந்தே ஒரு வருஷப் படிப்பைத் தொலைத்த பையன் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருக்கிறான். படம் ஓடும்போது அவன் சொன்னான்: “ஃபோட்டோக்காரன் ஏமாத்துவான் பாருங்க சார்.” அடுத்த காட்சியில் ஃபோட்டோக்காரன் ஏமாற்றினான். இந்தப் படத்துக்கென்று வெளிநாட்டுக் கல்லூரிகளுக்காகத் தயாரித்த ஒரு வழிகாட்டி என் கையில் கிடைத்தது. ‘அடையாள ஆவணம் இல்லாத ஒருவரின் நிலையைக் கற்பனை செய்து பாருங்கள்’ என்று அதில் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. எங்கள் ஆட்களுக்கு அந்தச் சிரமம் வேண்டியதில்லை.

‘மண்டாபி’யின் பிரதியை எப்படிப் பெற்றேன் என்று கேட்க வேண்டாம். திரையில் வொலோஃப் மொழி, கீழே ஆங்கில எழுத்து. ஆங்கிலத்தை அந்த வேகத்தில் படிக்கிறவர்கள் வகுப்பில் முன்வரிசையில் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்காகப் படத்தை நிறுத்தி நிறுத்தி நான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. மௌனப்பட காலத்தில் இதற்கென்றே கொட்டகையில் ஆள் இருந்தார்கள். திரைக்கு அருகில் நின்று கதை சொல்வார்கள். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினாரே, அந்தக் காலத்து உத்தியோகம். நூற்றாண்டு கழித்து ஸ்மார்ட் போர்டுக்குப் பக்கத்தில் நின்று நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஆத்திரம் பொங்குவது இந்த இடத்தில்தான். செம்பேன் எதற்காகக் கேமராவைத் தொட்டார்? மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர், அங்கிருந்தே நாவல் எழுதிப் பேர் வாங்கியவர். 1947-இல் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தை வைத்து அவர் எழுதிய நாவல் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அதெல்லாம் பிரெஞ்சில். தன் மக்களில் பெரும்பாலோருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது என்பது உறைத்தபோது, நாற்பதை நெருங்குகிற வயதில் மாஸ்கோ போய் சினிமா கற்றார். 1963-இல் ‘போரோம் சாரெத்’, 1966-இல் ‘லா நுவார் தெ’. இரண்டிலும் பாத்திரங்கள் பிரெஞ்சு பேச வேண்டியிருந்தது. ‘மண்டாபி’யில்தான் ஜனங்கள் வீட்டில் பேசும் வொலோஃபுக்கு வந்து சேர்ந்தார். படச்சுருளைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்க் காட்டி, உட்கார்ந்து பேசினார். சினிமாவை அவர் ராத்திரிப் பள்ளிக்கூடமாகத்தான் பார்த்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கென்று எடுத்த படத்தை, ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால்தான் பார்க்கலாம் என்று சத்தியமங்கலத்தில் ஆக்கி வைத்திருக்கிறோம்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. நைஜீரியாவின் கானோ நகரத்தில் ஹவுசா மக்கள் பல பத்தாண்டுகளாக இந்திப் படங்களை விழுந்து விழுந்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இந்தி தெரியாது, கீழே ஓடும் ஆங்கிலமும் ஓடாது. ‘மதர் இந்தியா’வின் வசனத்துக்கு முன்னால் அடுத்தது என்ன என்று கொட்டகையே சொல்லும் என்று பிரையன் லார்க்கின் போன்ற ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா? முடியும், மூன்று மணி நேரம் பாட்டும் அழுகையும் கைதூக்கிவிட்டால் முடியும். அதுவும் பார்த்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கக் கொட்டகை இருந்தால் முடியும். ‘மண்டாபி’யில் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவன் பிரெஞ்சில் அதட்டுவதும் வெளியே நிற்பவர் வொலோஃபில் குழைவதும் புரியாவிட்டால் பாதிப் படம் போச்சு.

தமிழில் வசன எழுத்து போடுவது என்ன ராக்கெட் வேலையா? வசனத்தை எழுதி, எந்த வினாடியில் வர வேண்டும் எந்த வினாடியில் போக வேண்டும் என்று குறித்தால் ஒரு சின்னக் கோப்பு. மென்பொருள் இலவசம். போன பருவத்தில் பிள்ளைகளை வைத்துச் செய்தும் பார்த்தோம். ‘போரோம் சாரெத்’ சுமார் 20 நிமிடப் படம். டக்காரில் குதிரை வண்டி ஓட்டுகிறவரின் ஒரு நாள். கடனுக்கு ஏறுகிறவர்கள், இறந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு மயானத்துக்கு ஏறும் தகப்பன். பணக்காரர்கள் வசிக்கும் மேட்டுப் பகுதிக்குள் வண்டி போகக் கூடாது. போனதற்குப் போலீஸ்காரர் வண்டியைப் பிடுங்கிக்கொள்கிறார். வண்டியில்லாமல் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவரின் மடியில் குழந்தையை வைத்துவிட்டு, ராத்திரிச் சோற்றுக்கு வழி பண்ணி வருகிறேன் என்று மனைவி வெளியே போகிறாள். அவள் எங்கே போகிறாள் என்று படம் சொல்வதில்லை. பூ பறித்துவிட்டு வருகிற பெண்தான் வசனத்தில் பாதியைத் தமிழில் எழுதினாள். வண்டிக்காரர் எங்கள் ஊர்ப் பேச்சில் முனகுகிறார். அதைப் போட்டுக் காட்டிய அன்றைக்குப் பின்வரிசையிலிருந்து ஒருத்தரும் போனை எடுக்கவில்லை.

இதைப் பருவத்துப் புராஜெக்டாக எழுதிக்கொடுத்தோம். வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் புரட்டிப் பார்த்தார். “இது புராஜெக்ட்ல சேராதுங்களே. பேசாம ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்க” என்றார். ஷார்ட் ஃபிலிமுக்கு என்ன பஞ்சம்? கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றி ஷூட்டிங் நடந்து நடந்து, வாய்க்கால் மேட்டில் நின்றால் எந்தப் பக்கம் ஃபிரேம் வைக்கணும் என்று ஆடு மேய்க்கிற பையனுக்கே தெரியும். படம் எடுக்கச் சொல்லித் தர இங்கே ஆயிரம் பேர். படம் பார்க்கச் சொல்லித் தரத்தான் ஆளும் இல்லை, சாமானும் இல்லை.

அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் போட்டுக் காட்டும் திட்டம் 2022-இல் தொடங்கியது. அது பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடுகிறது. பக்கத்துக் கேரளத்தில் வருஷா வருஷம் டிசம்பரில் நடக்கும் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவே ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்குத்தான். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் ஆப்பிரிக்கா இருக்கிறது. இந்தப் பக்கம் டிசம்பரில் எங்களுக்குப் பருவத் தேர்வு வேலை. லீவு கேட்டால் ‘படம் பார்க்கவா சார்?’ என்கிறார்கள். கல்லூரிகளுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு செய்யப் பத்துப் படம் போதும். ‘போரோம் சாரெத்’, ‘மண்டாபி’, மோட்டார் சைக்கிளில் மாட்டுக்கொம்பைக் கட்டிக்கொண்டு டக்காரைச் சுற்றும் ‘துக்கி புக்கி’, மாலியின் ‘யேலென்’, பெண்களின் ரேடியோக்களைப் பிடுங்கிக் குவித்துத் தீ வைக்கும் ‘மூலாதே’, இப்படிப் பத்து. உரிமையை முறையாக வாங்கி, தமிழ் எழுத்து சேர்த்து, படத்துக்கு நாலு பக்கக் குறிப்பு எழுதி எல்லாக் கல்லூரிக்கும் ஒரே தடவையில் கொடுத்துவிடலாம். எங்களுடையதைப் போன்ற கல்லூரிகள் ஆண்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கும் காசைக் கூட்டிப் போட்டால் அதில் ஒரு மூலைக்கு வரும்.

இதற்கிடையில் பருவத் தேர்வும் வந்தது. ‘ஆப்பிரிக்க சினிமா – சிறு குறிப்பு வரைக.’ இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பில் எதிர்பார்த்திருந்தது வறுமை, போர், நாட்டுப்புறக் கதை. இப்ராஹிமா தியெங் ஜன்னல் ஜன்னலாக அலைந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதிய பெண்ணுக்கு அரை மார்க் விழுந்திருக்கிறது. மறுமதிப்பீட்டுக்குப் போடச் சொன்னேன். படிவம், கட்டண ரசீது, ஹால் டிக்கெட் நகல், அடையாள அட்டை நகல், அதன்மேல் துறைத்தலைவர் கையெழுத்து. கடைசி நாளன்று அவர் லீவு.